'கடத்தி' என்று முடிவு வந்தால் அந்த நாயை ஒதுக்கிவிடாதீர்கள்

ஒரு சனிக்கிழமை மாலை, கதவைப் பூட்டப்போகும் நேரத்தில், லங்காஷயர் ஹீலர் இனத்துப் பெண் நாய் ஒன்றைக் கைகளில் ஏந்தியபடி ஒருவர் எங்கள் மருத்துவமனைக்கு வந்தார். நாய்க்கு ஐந்து வயது. காலையிலிருந்து இடது கண்ணைத் திறக்கவே இல்லை, நீர் வடிந்துகொண்டே இருக்கிறது, வைக்கோல் துரும்பு குத்தியிருக்கும் என்றார். முன்பு வளர்த்த நாய்க்குக் கண் அழுத்தம் வந்தபோது கொடுத்த சொட்டு மருந்து வீட்டில் மிச்சம் இருந்ததாம். அதை விட்டுத் திங்கட்கிழமை வரை பொறுத்துப் பார்க்கலாம் என்றுதான் நினைத்திருக்கிறார். மனம் கேட்காமல் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

அறை விளக்கை அணைத்துவிட்டு, சிறு விளக்கொளியைப் பக்கவாட்டில் செலுத்திப் பார்த்தேன். கண்வில்லை தன் இடத்திலிருந்து நழுவி, கண்மணிக்கு முன்னால் வந்து நின்றது. கண்ணின் உள்ளழுத்தம் 50 மி.மீ. பாதரச அளவைத் தாண்டியிருந்தது. நாய்களுக்கு இயல்பான அளவு ஏறக்குறைய 10 முதல் 25 வரைதான். அன்றிரவே கண் சிறப்பு மருத்துவரிடம் அனுப்பினோம். வில்லையை அகற்றினார்கள். பார்வை தப்பியது.

திங்கட்கிழமை வரை காத்திருந்தால் அநேகமாகத் தப்பியிருக்காது. அந்த மிச்ச மருந்தும் கெடுதல்தான் செய்திருக்கும். கண் அழுத்தத்துக்குக் கொடுக்கும் சில சொட்டுகள் கண்மணியைச் சுருக்குபவை. வில்லை முன்பக்கம் விழுந்து கிடக்கும்போது கண்மணி சுருங்கினால், வில்லை அங்கேயே சிக்கிக்கொள்ளும். கண்ணுக்குள் ஊறும் நீர் வெளியேற வழியில்லாமல் அழுத்தம் இன்னும் ஏறும். ஹீலர் வளர்ப்பவர்கள் எல்லோரிடமும் நான் இதைத்தான் முதலில் சொல்கிறேன்: மூன்று வயது முதல் எட்டு வயது வரை, ஒரு கண் சிவந்து, கூசி, மூடிக்கொண்டால் அது அவசரம். வீட்டு வைத்தியம் வேண்டாம். அதே நாளில் காட்டிவிடுங்கள். ஒரு கண்ணுக்கு வந்தது மற்றக் கண்ணுக்கும் வர வாய்ப்பு அதிகம். சில வாரங்களிலும் வரலாம், பல மாதங்கள் கழித்தும் வரலாம்.

வில்லையை அதன் இடத்தில் பிடித்துவைத்திருப்பவை மிக நுண்ணிய இழைகள். அடாம்ட்ஸ்-17 என்ற மரபணுவில் உள்ள ஒரு பிழையால் அந்த இழைகள் வலுவிழந்து, நடுவயதில் அறுந்துபோகின்றன. இந்தப் பிழையை ஆய்வாளர்கள் 2010-ல் விவரித்தார்கள். ஹீலர் இனத்தில் கவனிக்க வேண்டிய இன்னொரு பரம்பரைக் கண் குறை, கோலி என்ற மேய்ப்பு நாய் இனத்தின் பெயரால் வழங்கும் 'கோலி கண் குறைபாடு'. விழித்திரைக்குப் பின்னால் இருந்து அதற்கு இரத்தம் கொடுக்கும் படலம் பிறவியிலேயே சரியாக வளராமல் போவது அது. பெரும்பாலான நாய்களுக்கு அதனால் பெரிய தொந்தரவு இருக்காது. கடுமையாக இருந்தால் விழித்திரை கழன்று பார்வை போகலாம்.

இந்த இரண்டு நோய்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் எனக்கு ஒவ்வொரு முறையும் வியப்பாக இருக்கும். இங்கிலாந்தின் வடமேற்கில், ஆர்ம்ஸ்கிர்க் என்ற சந்தை ஊரைச் சுற்றி உருவான இனம் இது. அந்தச் சந்தைக்கு 1286-லேயே அரசாணை கிடைத்திருக்கிறது. வேல்ஸ் பகுதியிலிருந்து மாடுகளை நடத்திக்கொண்டு வந்தவர்களின் குட்டைக்கால் நாய்கள் மான்செஸ்டர் டெரியர் என்ற உள்ளூர் எலி வேட்டை நாய்களோடு கலந்து ஹீலர் பிறந்தது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. எழுத்தில் ஆதாரம் இல்லை. ஆனால் கோலி கண் குறைபாடு மேய்ப்பு நாய் இனங்களில் பரவலாகக் காணப்படுவது. வில்லை நழுவலோ டெரியர் இனங்களில் அதிகம் காணப்படுவது. ஹீலரின் கண்ணில் இரண்டும் இருக்கின்றன. இதையே வம்சத்துக்குச் சான்றாகக் கொள்ள முடியாது. அந்த மரபணுப் பிழைகள் மிகப் பழையவை, வேறு இனங்களிலும் உண்டு. ஆனாலும் பெரியவர்கள் சொன்ன கதையோடு அது ஒத்துப்போகிறது.

மாட்டின் பின்னங்காலை லேசாகக் கடித்து அதை நகர்த்துவதும், உதை வருவதற்குள் தரையோடு தரையாகப் பதுங்குவதும்தான் இந்த நாயின் தொழில். அதனால்தான் தோளுயரம் 25 முதல் 30 சென்டிமீட்டர் மட்டுமே. ரயில் வந்து மாடுகளை நடத்திக்கொண்டு போகும் வழக்கம் ஒழிந்த பிறகும், பண்ணைகளில் எலி பிடித்துக்கொண்டு பிழைத்திருந்தது. இனத்துக்கான சங்கம் 1978-ல் அமைந்தது, நாய் இனங்களைப் பதிவு செய்யும் பிரிட்டிஷ் அமைப்பான கென்னல் கிளப்பின் அங்கீகாரம் 1981-ல் கிடைத்தது. ஆண்டுக்கு 300 குட்டிகளுக்கும் குறைவாகப் பதிவாகும் உள்நாட்டு இனங்களுக்கென்று கென்னல் கிளப் வைத்திருக்கும் 'அருகிவரும் இனங்கள்' பட்டியலில் இன்று ஹீலரும் இருக்கிறது.

அந்த எண்ணிக்கைதான் என்னை இதை எழுத வைத்தது.

அறுவை முடிந்து இரண்டு வாரங்கள் கழித்து அந்த உரிமையாளர் தொலைபேசியில் அழைத்தார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அந்த நாய் நான்கு குட்டிகள் ஈன்றிருந்தது. தந்தை நாய்க்கு மரபணுச் சோதனை செய்து 'குறையற்றது' என்று சான்றிதழ் இருந்தது. தாய்க்குச் செய்யவில்லை. இப்போது குட்டிகளுக்குச் சோதித்ததில் நான்குமே 'கடத்தி', அதாவது அந்த மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று மட்டும் பிழையானவை. "நான்கையும் கருத்தடை செய்துவிடச் சொல்லப்போகிறேன் டாக்டர், இந்த வம்சமே வேண்டாம்" என்றார். அவர் குரலில் இருந்த குற்ற உணர்வு எனக்கு மிகுந்த வருத்தம் தந்தது.

நான்கும் கடத்தியாக வந்ததில் ஆச்சரியம் இல்லை. நோயுற்ற தாயிடம் பிழையான பிரதிகள் மட்டுமே இரண்டு இருக்கின்றன. ஆகவே ஒவ்வொரு குட்டிக்கும் தாயிடமிருந்து பிழையான பிரதி ஒன்றும், தந்தையிடமிருந்து சரியான பிரதி ஒன்றும் கிடைத்தே தீரும். கடத்தி என்றதும் தொற்று போல மற்ற நாய்களுக்குப் பரப்பிவிடும் என்று பயப்படுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அப்படி எதுவும் இல்லை. கடத்தி நாய்களில் ஒரு சிறு பங்குக்கு மட்டும் பிற்காலத்தில் வில்லை நழுவலாம் என்பதால் கண்ணை ஆண்டுதோறும் பார்ப்பது நல்லது. பெரும்பாலானவை கடைசிவரை நல்ல கண்ணோடு வாழ்கின்றன.

இணைசேர்ப்பில்தான் சான்றிதழுக்கு வேலை. கடத்தியைக் குறையற்ற நாயோடு சேர்த்தால் சராசரியாகப் பாதிக் குட்டிகள் குறையற்றவை, பாதி கடத்தி. நோயுற்ற குட்டி ஒன்றும் பிறக்காது. இரண்டு கடத்திகளைச் சேர்ப்பதுதான் தவறு, அங்கே நான்கில் ஒன்று நோயோடு பிறக்கும் வாய்ப்பு இருக்கிறது. சோதனை செய்யாமல் சேர்ப்பது அதைவிடப் பெரிய தவறு.

மாறாக, கடத்திகள் எல்லாவற்றையும் ஒரே தலைமுறையில் விலக்கினால் என்ன ஆகும்? அந்த ஒரு பிழையோடு சேர்ந்து, அவற்றிடம் இருக்கும் ஆயிரக்கணக்கான நல்ல மரபணு வகைகளும் போய்விடும். மிச்சமிருக்கும் சில 'சுத்தமான' ஆண் நாய்களையே எல்லோரும் தேடுவார்கள். இரண்டு மூன்று தலைமுறைக்குள் எந்த நாயைப் பார்த்தாலும் ஒன்றுக்கொன்று ஒன்றுவிட்ட உறவாக இருக்கும். அப்போது இன்றைக்குப் பெயர்கூட இல்லாத வேறொரு பிழை, அந்த ஆண் நாய்களில் ஒன்றிடம் மறைந்திருந்தது, எல்லாக் குட்டிகளிலும் வெளிப்படத் தொடங்கும். அதற்குச் சோதனையும் இருக்காது. தந்தை-மகள், உடன்பிறப்பு ஆகிய இணைகளின் குட்டிகளைக் கென்னல் கிளப் 2009 முதல் பதிவு செய்வதில்லை. அந்த விதி நெருங்கிய உறவை மட்டும் தடுக்கும். இப்படி மெல்ல மெல்லக் குறுகும் வட்டத்தை அதனால் தடுக்க முடியாது. வளர்ப்பவர்கள்தான் தடுக்க வேண்டும். நோய்க்கூறு இல்லாத நாயைத் தேடுவதோடு, உறவு எட்டியிருக்கும் நாயையும் தேட வேண்டும்.

இதையெல்லாம் அவரிடம் பொறுமையாகச் சொன்னேன். முழங்காற்சில்லு நழுவுகிறதா என்று நான்கு குட்டிகளையும் பரிசோதித்தேன், ஒன்றுக்கு இருந்தது. அதை மட்டும் இனப்பெருக்கத்திலிருந்து விலக்கினோம். மிகத் தெளிவான சுபாவம் கொண்ட ஒரு பெண்ணைத் தேர்ந்து, தூரத்து வம்சத்தில் குறையற்ற ஆண் ஒன்றைத் தேடிக் கண்டுபிடிக்க அவருக்கு எட்டு மாதங்கள் பிடித்தன.

அந்த ஈற்றில் ஐந்து குட்டிகள். ஆறு வாரத்தில் கொண்டுவரச் சொல்லியிருந்தேன், ஏனென்றால் கோலி கண் குறைபாட்டின் லேசான அடையாளங்கள் ஐந்திலிருந்து எட்டு வாரத்துக்குள்தான் தெளிவாகத் தெரியும். பிறகு நிறமி வளர்ந்து மறைத்துவிடும், கண் நலமாக இருப்பது போலத் தோன்றும். கண் மருத்துவர் இருட்டறையில் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பத்துக் கண்களும் நலம். வில்லை நழுவலுக்கான சோதனையில் மூன்று குறையற்றவை, இரண்டு கடத்தி. அந்த இரண்டையும் வாங்கிக்கொள்ளப் போகிறவர்களுக்குக் கொடுக்க, கடத்தி என்றால் என்ன என்று ஒரு பக்கத்தில் எழுதித் தரச் சொன்னார். அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன்.