கருவேலம் அகற்றிய பிறகு யாருக்குப் பணம் தருவது?

இராமநாதபுரம் மாவட்டத்தின் சாயல்குடி, கடலாடி, திருப்புல்லாணிப் பக்கத்துக் கடலோரக் கிராமங்களில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கும் புஞ்சையைப் பார்த்து, உழவருக்கு அக்கறை இல்லை என்று சொல்லிவிடுவது எளிது. வேளாண் ஆலோசனைப் பணியில் அவர்களோடு உட்கார்ந்து வரவு செலவு எழுதிப் பார்த்தால் வேறொன்று தெரியும். அந்த நிலத்துக்கு உழவோ உரமோ தேவையில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கரிமூட்டம் போடுபவர் வந்து மொத்தமாக விலை பேசி வெட்டிக்கொள்வார். வடகிழக்குப் பருவமழையை நம்பிப் புழுதியில் விதைக்கும் நெல்லிலோ குண்டு மிளகாயிலோ அந்த நிச்சயம் கிடையாது.

ஆகவே, மரத்தை அகற்றி மண்ணைக் காப்பவருக்கு ஊக்கத்தொகை தருவதென்றால், அது முதலில் இந்தக் கரிப்பணத்தை ஈடுகட்ட வேண்டும். இயந்திர வாடகைக்கு ஒருமுறை மானியம் கொடுத்து, படமும் எடுத்துக்கொண்டு நகர்வது வீண்செலவு என்பதே என் கருத்து. அடித்தூர் மண்ணில் தங்கினால் பல கிளைகளாகத் துளிர்க்கும். வேரோடு பிடுங்கினாலும், நெற்றைத் தின்ற ஆடுமாடுகளின் புழுக்கையிலும் சாணத்திலும் விதை கெடாமல் வந்து விழும். மழைக்குப் பின் வரப்போரம் குனிந்து பார்த்தால் இரண்டு விரல் உயரத்தில் கன்றுகள் நிற்கும்; அப்போதே கையால் பிடுங்கிவிடலாம், ஓராண்டு விட்டால் கடப்பாரை வேண்டும். பணம் போய்ச் சேர வேண்டியது இந்த ஆண்டுதோறுமான வேலைக்குத்தான்.

அமெரிக்காவில் 1985-இல் சட்டமான நிலப் பாதுகாப்புத் திட்டம், அரிப்புக்கு ஆளாகும் வயலில் பயிரை நிறுத்திப் புல்லோ மரமோ வளர்ப்பவருக்கு, 10 முதல் 15 ஆண்டு ஒப்பந்தத்தின்பேரில் ஆண்டு வாடகை தருகிறது. கோஸ்டாரிகாவின் 1996-ஆம் ஆண்டு வனச் சட்டம், எரிபொருள் வரியில் ஒரு பங்கைக் காடு காக்கும் நில உரிமையாளர்களுக்குத் திருப்பிவிட்டது.

நம் பக்கத்தில் இதை அப்படியே பெயர்த்து நட முடியாது. பி.எம். கிசான் திட்டத்தின் ஆண்டுக்கு 6,000 ரூபாய், நில ஆவணத்தில் பெயருள்ள குடும்பத்துக்கே போகிறது. பட்டாதாரர் சென்னையிலோ வளைகுடா நாட்டிலோ இருக்க, கன்றைப் பிடுங்குபவர் வாய்மொழிக் குத்தகையில் உழுபவராக இருந்தால், அவருக்குத் தொகை கிடைக்க வழியில்லை. பட்டாவை மட்டும் பார்க்காமல், கிராமத்துச் சாகுபடிக் கணக்கான அடங்கலில் சாகுபடி செய்பவர் பெயரை உள்ளபடி ஏற்றி, அவர் கணக்கில் பணம் செலுத்துவதே நியாயம்.

தை, மாசி அறுவடைக்குப் பின் எருவுக்காக மந்தையை வயலில் இரவில் அடைத்து, கிடை போட வரும் கீதாரிகளையும் (ஆடு மேய்ப்பவர்களையும்) ஒப்பந்தத்தில் சேர்க்க வேண்டும். நெற்று உதிரும் காலத்தில் கருவேலங்காட்டில் மேய்ந்த மந்தையை, சுத்தம் செய்த நிலத்தில் உடனே அடைக்காமல் சில நாள் வேறு தீவனத்தில் நிறுத்திவைக்க அவர்களுக்கும் செலவாகும். அந்தச் செலவை உழவர் தலையில் கட்டக் கூடாது.