சாஃப்ட் ஸ்கில்ஸ்: மென்திறனா, பழகுதிறனா?

'சாஃப்ட் ஸ்கில்ஸ்' என்றதும் கேம்பஸ் இன்டர்வியூவுக்கு முந்தைய வகுப்புதான் பலருக்கு நினைவுக்கு வரும். டை கட்டு, சிரி, கண்ணைப் பார்த்துப் பேசு. ஆனால் சொல் வளர்ந்த இடம் பட்டாளம். 1960களின் இறுதியில் அமெரிக்கத் தரைப்படை தன் பயிற்சிகளை வகைபிரித்தது. எந்திரத்தோடு செய்யும் வேலை ஒரு பக்கம். ஆட்களோடும் காகிதத்தோடும் செய்யும் வேலை மறுபக்கம். இரண்டாவதுக்கு வைத்த பெயர்தான் இது. 1972 டிசம்பரில் டெக்சாஸின் ஃபோர்ட் பிளிஸ் முகாமில் இதற்கென்றே ஒரு மாநாடு நடந்தது. எந்திரம் குறுக்கே இல்லை என்பதே அங்கே 'சாஃப்ட்'டின் பொருள்.

'ஸ்கில்' அதைவிடப் பழையது. ஸ்காண்டிநேவியாவின் பழைய நார்ஸ் மொழியில் அதன் மூலச்சொல்லுக்குப் பிரித்தறிதல் என்று பொருள்.

தமிழில் 'மென்திறன்' நிலைத்துவிட்டது. வன்பொருள், மென்பொருள் என்று சொல்லிப் பழகிய வாய்க்கு அது சுலபம். சிக்கல் 'மென்' என்பதில். கேட்டதுமே பணிவு, இனிய பேச்சு என்று மனம் போய்விடுகிறது.

டென்மார்க்கில் 1995இல் தொடங்கிய 'யூரோப்பியன் புராஜெக்ட் செமஸ்டர்' போன்ற ஏற்பாட்டைப் பாருங்கள். பல நாட்டு மாணவர்கள் ஒரு சிறு குழுவாகச் சேர்ந்து ஒரு பருவம் முழுக்க ஒரே திட்டத்தைச் செய்கிறார்கள். பேசுவது ஆங்கிலம், பலருக்கு அது தாய்மொழி இல்லை. 2006இல் நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகம், இதே போன்ற கூட்டுக் கல்வியை இணையவழியில் நடத்த ஒரு மையம் தொடங்கியது. விசா செலவு மிச்சம். இப்படி ஒரு குழுவில் நம் ஊர் மாணவர் 'பார்க்கலாம்' என்றால், அது பாதி மறுப்பு என்பது மற்றவர்களுக்கு எப்படித் தெரியும்? வெள்ளிக்கிழமை தர வேண்டியதை முடிக்க முடியாது என்று திங்களன்றே சொல்லிவிட வேண்டும். அதில் மென்மை எங்கே இருக்கிறது?

அதனால் 'பழகுதிறன்' என்பதே என் தேர்வு. ஆட்களோடு பழகுகிறோம், சைக்கிள் ஓட்டவும் பழகுகிறோம். உறவு, பயிற்சி இரண்டும் ஒரே வினைக்குள் இருக்கின்றன. 'சித்திரமும் கைப்பழக்கம்' என்று ஔவையார் பெயரில் வழங்கும் பாட்டு இதற்குத் துணை நிற்கும் என்று நினைத்தேன். அப்புறம் கடைசி அடியைப் பார்த்தால், நட்பு பிறவிக் குணம் என்கிறது! சரி, இருக்கட்டும். குழுத் திட்டத்துக்கு நட்பு கட்டாயமில்லையே.