ஃபுட்ரெஸ்ட் அதிர்வும் கிளட்ச் வழுக்கலும்: பழைய வண்டி வைத்திருப்போர் கவனத்துக்கு

வயதான மோட்டார் சைக்கிளைப் பட்டறைக்குக் கொண்டு வருபவர்கள் பெரும்பாலும் இரண்டு குறைகளைச் சொல்வார்கள். கால் வைக்கும் இடத்தில் அதிர்வு தாங்க முடியவில்லை என்பது ஒன்று. இன்ஜின் கத்துகிறதே தவிர வண்டி இழுக்கவில்லை என்பது மற்றொன்று. இரண்டும் ஒரே வண்டியில் ஏறக்குறைய ஒரே காலத்தில் தோன்றியிருந்தால், கிளட்சைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பேன். கிளட்ச் வழுக்கினால், அதாவது இன்ஜினின் சக்தியைச் சக்கரத்துக்குக் கடத்தும் அதன் பிளேட்டுகள் ஒன்றையொன்று இறுகப் பற்றாவிட்டால், அதே வேகத்தில் ஏற்றம் ஏறுவதற்கும் முந்திச் செல்வதற்கும் இன்ஜின் கூடுதலாகச் சுழல வேண்டியிருக்கிறது. பிஸ்டன் மேலும் கீழும் ஓடுவதால் எழும் விசையோ சுழற்சி வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பப் பெருகுகிறது. நிமிடத்துக்கு 4,000 சுற்றில் முடிய வேண்டிய வேலைக்கு இன்ஜின் 5,000 சுற்றுக்குப் போனால், அந்த விசை ஒன்றரை மடங்கைத் தாண்டிவிடும். இதை அறியாமல் ஃபுட்ரெஸ்ட் ரப்பரை மட்டும் மாற்றிவிட்டு, அதிர்வு குறையவில்லையே என்று திரும்பி வருபவர்கள் பலர்.

கிளட்ச் வழுக்குகிறதா என்று அறிய எதையும் கழற்றத் தேவையில்லை. ஆள் நடமாட்டமற்ற நேரான சாலையில், இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு, உயர் கியரில் மிதமான வேகத்தில் சென்றுகொண்டே ஆக்சிலேட்டரைச் சட்டென்று முறுக்கிப் பார்க்க வேண்டும். இன்ஜினின் ஓசை மட்டும் ஏறி, வேகம் பின்தங்கினால் அது வழுக்கல். ஓசையும் ஏறாமல் வண்டி மந்தமாகவே இருந்தால் கிளட்ச் குற்றவாளி அல்ல. பின் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறதா, கார்புரேட்டரும் கம்ப்ரெஷனும் சரியாக உள்ளனவா என்று பார்க்க வேண்டும்.

வழுக்கல் உறுதியானால் முதலில் கேபிளைப் பாருங்கள். கிளட்ச் லீவரின் நுனியில் 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை தளர்வு இருப்பதே பெரும்பாலான வண்டிகளுக்குப் பொருத்தம். பிளேட்டுகள் தேயத் தேய இந்தத் தளர்வு பல வண்டிகளில் தானாகவே குறைந்துகொண்டு வரும். தளர்வு முற்றிலும் போய்விட்டால், நாம் லீவரைத் தொடாதபோதும் அதைச் சிறிது அழுத்திப் பிடித்திருப்பது போன்ற நிலையிலேயே கிளட்ச் இருக்கும். ஹேண்டிலை இரு பக்கமும் முழுவதும் திருப்பியும் தளர்வைச் சோதிக்க வேண்டும். தவறான வழியில் செலுத்தப்பட்ட கேபிள், ஹேண்டில் திரும்பும்போது இழுபடுவது உண்டு.

அடுத்தது ஆயில். பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் கிளட்ச் பிளேட்டுகள் இன்ஜின் ஆயிலிலேயே நனைந்து இயங்குகின்றன. எரிபொருள் சிக்கனத்துக்காக உராய்வைக் குறைக்கும் சேர்மானங்கள் கலந்த கார் ஆயிலை ஊற்றினால், பிடிக்க வேண்டிய பிளேட்டுகளும் சேர்ந்து வழுக்கும். இதற்காகவே ஜப்பானில் 1998இல் ஜாசோ டி 903 என்னும் தர அளவு கொண்டுவரப்பட்டது. டப்பாவில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்றிருந்தால் அது நனைந்த கிளட்சுக்கு உரியது. எம்பி என்றிருந்தால், கிளட்ச் ஆயிலில் நனையாத ஸ்கூட்டர்களுக்கு உரியது. விலை கூடிய ஆயில் எல்லா வண்டிக்கும் நல்லது என்ற எண்ணத்தை நான் எத்தனையோ பேரிடம் பார்க்கிறேன். எழுத்தைப் படிக்காமல் விலையை மட்டும் பார்ப்பதால் வருவது அது.

இவை இரண்டும் சரியாக இருந்தும் வழுக்கினால்தான் பக்கவாட்டு மூடியைக் கழற்ற வேண்டும். தேய்ந்த பிளேட்டுகளை மட்டும் மாற்றி, பழைய ஸ்பிரிங்குகளையே திரும்பப் போடுவது அரைகுறை வேலை. ஐந்து பிளேட்டுகள் ஒவ்வொன்றும் 0.3 மில்லிமீட்டர் தேய்ந்தால், அடுக்கு மொத்தமாக 1.5 மில்லிமீட்டர் சுருங்கி, ஸ்பிரிங் அந்த அளவுக்கு விரிந்து அழுத்தம் குறைகிறது. வெப்பத்தில் நெடுநாள் கிடந்த ஸ்பிரிங்கின் நீளமும் குறைந்திருக்கும். ஸ்பிரிங்குக்கு அடியில் வாஷர் வைத்து அழுத்தத்தைக் கூட்டும் உபாயம் பரவலாக இருக்கிறது. அது லீவரைக் கல்லாக்கி, கேபிளை அறுப்பதைத் தவிர வேறொன்றும் செய்வதில்லை. இடையிலுள்ள எஃகுத் தகடுகளையும் வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். நீலம் பாய்ந்திருந்தால் அவை வெந்துபோயிருக்கின்றன. கண்ணாடிப் பலகை மீது கிடத்தி, இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை அடியில் நுழைத்தால் கோணலும் தெரிந்துவிடும். புதிய பிளேட்டுகளை ஆயிலில் ஊறவைத்த பிறகே பொருத்த வேண்டும்.

கிளட்ச் சரியான பிறகும் அதிர்வு நீடித்தால், அது எங்கிருந்து வருகிறது என்பதைப் பிரித்தறிய வேண்டும். வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் ரேஸ் செய்யும்போதே ஃபுட்ரெஸ்ட் அதிர்ந்தால் காரணம் இன்ஜின் பக்கம் இருக்கிறது. நிற்கும்போது இல்லாமல் ஓடும்போது மட்டும் வந்து, கிளட்சைப் பிடித்து உருளவிட்ட பின்னும் தொடர்ந்தால் டயரையும் சக்கர பேரிங்கையும் பாருங்கள். கிளட்சைப் பிடித்ததும் நின்றுவிட்டால் செயின், ஸ்பிராக்கெட், பின் சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்பின் உள்ளிருக்கும் ரப்பர் ஆகியவற்றின் மீது சந்தேகம் கொள்ளலாம். காலுக்குத் தெரியும் தன்மையும் வேறுபடும். 4,800 சுற்றில் ஓடும் ஒற்றை சிலிண்டர் இன்ஜின் வினாடிக்கு 80 முறை உலுக்குகிறது. மணிக்கு 60 கிலோமீட்டரில் செல்லும் சக்கரமோ வினாடிக்கு ஏறத்தாழ 9 முறைதான் சுற்றுகிறது. முன்னது பாதத்தை மரத்துப்போகச் செய்யும் ரீங்காரம்; பின்னது எண்ணிவிடலாம் போன்ற துடிப்பு.

இன்ஜின் பக்கம் என்று தெரிந்தால், இன்ஜினைச் சேசிஸோடு பிடித்திருக்கும் மவுண்டிங் போல்ட்டுகளில் தொடங்குங்கள். தளர்ந்த போல்ட்டின் தலையைச் சுற்றிச் செம்பழுப்பு நிறத்தில் மெல்லிய பொடி படிந்திருக்கும். இரும்போடு இரும்பு உரசியதற்கு அதுவே சாட்சி. பிராக்கெட் வெல்டிங்கின் ஓரத்தில் பெயின்ட்டில் மயிரிழைக் கோடு தெரிந்தால் நகத்தால் தடவிப் பாருங்கள், அது விரிசலாக இருக்கலாம். தளர்ந்த ஒன்றை மட்டும் முறுக்கிவிட்டு நிறுத்தக் கூடாது. எல்லா போல்ட்டுகளையும், சைலன்சர் பிடிப்புகளையும் சேர்த்துத் தளர்த்தி, இன்ஜினைத் தன் இடத்தில் இயல்பாக அமரவிட்டு, பிறகு உரிய டார்க் (முறுக்கு விசை) அளவில் ஒவ்வொன்றாக இறுக்கி, சைலன்சரைக் கடைசியாகப் பிடிக்க வேண்டும். இழுத்துப் பிடித்துப் பொருத்திய சைலன்சர் குழாய் இன்ஜினின் அதிர்வை நேராக சேசிஸுக்குக் கடத்தும்.

பல பழைய சிறிய வண்டிகளில் ஃபுட்ரெஸ்ட் பார் இன்ஜினின் அடிப்பகுதியிலேயே போல்ட் போட்டுப் பொருத்தப்பட்டிருக்கிறது. வண்டி எப்போதாவது விழுந்து அந்த பார் வளைந்திருந்தால், அதைக் கழற்றாமல் அடித்து நிமிர்த்தவே கூடாது. இன்ஜின் அடிப்பாகத்தின் அலுமினியம் விரிசல் விடும். ரப்பர் பளபளத்து இறுகியிருந்தால் மாற்றிவிடலாம். மடங்கும் ஃபுட்ரெஸ்ட்டானால் அது மடங்கும் இடத்திலுள்ள ஆணி தேய்ந்து ஆடுகிறதா என்றும் அசைத்துப் பாருங்கள்.

இவ்வளவு செய்தும், அதிர்வைச் சமன்செய்யும் பேலன்சர் இல்லாத ஒற்றை சிலிண்டர் வண்டியில் குறிப்பிட்ட சுற்றில் சிறிது அதிர்வு எஞ்சவே செய்யும். அது அந்த இன்ஜினின் பிறவிக் குணம். வண்டி சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு மவுண்டிங் போல்ட்டுகளின் இறுக்கத்தையும் கிளட்ச் லீவரின் தளர்வையும் மறுபடி ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். புதிய பிளேட்டுகள் படிந்து அமரும்போது லீவரின் தளர்வு மாறிவிடும்.