நாலு பரோட்டா, ஒன்றரைக் கிலோ

புளியரையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “அண்ணே, தினமும் கலோரி எழுதி வைக்கிறேன். ஞாயிறு ராத்திரி பார்டர் கடையில நாலு பரோட்டா, நாட்டுக்கோழி. திங்கக்கிழமை காலையில ஒன்றரைக் கிலோ கூடிருச்சு. தின்னதே அவ்வளவு எடை இருக்காதே?”

இருக்காதுதான். ஒரு கிலோ உடல்கொழுப்பு ஏறக்குறைய 7,700 கலோரி. ஒன்றரைக் கிலோவுக்குச் சுமார் 11,500. பரோட்டா ஒன்றுக்கு 300 என்று வைத்தால், வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் 38 பரோட்டா உள்ளே போயிருக்க வேண்டும். கடைக்காரரே பயந்துவிடுவார்.

ஏறியதில் பெரும்பகுதி தண்ணீர்.

மாவுச்சத்து குளுக்கோஸாக உடைவது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். மிஞ்சிய குளுக்கோஸை உடம்பு கிளைக்கோஜனாகச் சேர்த்து வைக்கிறது: கல்லீரலில் 100 கிராம், தசைகளில் 400 கிராம் அளவுக்கு. 1857-ல் பிரெஞ்சு உடலியலாளர் கிளாட் பெர்னார் கல்லீரலிலிருந்து பிரித்தெடுத்த பொருள். இதன் அமைப்பை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை. குளுக்கோஸைத் தனித்தனி மூலக்கூறாக அவ்வளவு குவித்தால், தண்ணீரை இழுத்து இழுத்துச் செல்லே வெடித்துவிடும். அதனால் ஆயிரக்கணக்கில் கோத்து ஓர் உருண்டையாக்கி விடுகிறது. நடுவில் ஒரு சின்னப் புரதம். அதிலிருந்து கிளை, கிளையிலிருந்து கிளை. என்சைம்கள் நுனியிலிருந்துதான் கடிக்கும். நுனிகள் ஏராளம் என்பதால், செங்கோட்டை பஸ்ஸைப் பிடிக்க நீங்கள் ஓடும்போது ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான இடங்களில் குளுக்கோஸ் கழன்று வரும்.

இப்படிக் கட்டி வைத்த பிறகும், ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்துக்கொள்கிறது. ஊறப்போட்ட ஜவ்வரிசி கிண்ணம் நிறைய உப்பி நிற்குமே, அந்தக் கதைதான். கிளைக்கோஜன் ஒரு கிராமுக்கு 4 கலோரிதான். ஆக தண்ணீரோடு சேர்த்து 4 கிராம் எடைக்கு 4 கலோரி. இந்த வகையில் ஒரு கிலோ ஏறினால் உள்ளே இருப்பது 1,000 கலோரி மட்டும். எடை மெஷினுக்கு அதுவும் கொழுப்பும் ஒன்று.

அப்புறம் சால்னா உப்பு. ஆஸ்பத்திரியில் ஏற்றும் சலைனில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு. நம் உடம்பின் திரவமும் கிட்டத்தட்ட அந்த அளவுதான். கூடுதலாக 4 கிராம் உப்பு தங்கினால் அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீரும் தங்கும். சிறுநீரகம் அதை வெளியேற்ற இரண்டு மூன்று நாள் பிடிக்கும். இந்த இடைவெளியில்தான் உடம்புக் கழிவை நீக்கும் என்று சொல்லி ‘டீடாக்ஸ்’ பொடி விற்பவர்கள் பிழைக்கிறார்கள். தானாக இறங்கும் தண்ணீருக்குப் பொடி பெயர் வாங்கிக்கொள்கிறது.

அதனால் கணக்கை வாரத்துக்குப் போடுங்கள். தினம் 2,000 கலோரி தேவைப்படுபவருக்கு வாரத்துக்கு 14,000. ஆறு நாள் 1,800, ஞாயிறு 3,200 என்றால் சரியாகப் போச்சு. புனலூர்க் கல்யாணத்தில் இரண்டு பிரதமன் பாயசம் குடித்துவிட்டு, மறுநாள் முழுப்பட்டினி கிடந்து, அதற்கடுத்த நாள் வடைத்தட்டோடு உட்கார வேண்டியதில்லை. எடையையும் ஏழு நாள் சராசரியாகப் பாருங்கள்.

ஒரு ஆதங்கம். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட உணவுச்சத்து அட்டவணையில் 528 உணவுப்பொருட்கள் இருக்கின்றன. அநேகமாக எல்லாம் சமைக்காதவை. கல்லில் எண்ணெய் குடித்த பரோட்டாவுக்கு ஃபோனில் கலோரி எண்ணும் செயலி காட்டும் எண்ணும் உத்தேசம், நான் மேலே போட்ட 300-ம் உத்தேசம். நாம் தினமும் தின்பதை அளக்கப் பணம் ஒதுக்கினால் என்ன குறைந்துவிடும்?

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மட்டும் இந்த வாரக்கணக்கைச் சாப்பாட்டு நேரத்துக்குக் கொண்டுவர வேண்டாம். ரத்தத்தில் சர்க்கரை ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே ஏறிவிடும். அவர்கள் டாக்டரைக் கேட்டே எதையும் மாற்ற வேண்டும்.

புளியரை நண்பரே, வியாழன் காலை வெறும் வயிற்றில் மெஷினில் ஏறிப் பார்த்து எழுதுங்கள். நடுவில் பார்டர் கடைப் பக்கம் போகாமல் இருந்தால்.