முள் முளைத்த இடத்தை முதலில் பாருங்கள்

பெயர் தெரியாத மரத்தைப் படம் எடுத்து "இது என்ன மரம்?" என்று கேட்பவர்கள் பெரும்பாலும் உள்ளங்கையில் வைத்த பழத்தை மட்டும் அனுப்புவார்கள். அது போதாது. மருக்காரைப் பழம் பார்வைக்குச் சின்னக் கொய்யாவேதான். மஞ்சள் நிறம், நுனியில் புல்லிவட்டக் கிரீடம் (பூவின் வெளிப்புறப் பச்சை இதழ்களின் மிச்சம்), எல்லாம் அப்படியே. தின்றால் குடலைப் புரட்டி வாந்தி எடுக்க வைக்கும். கொய்யாவுக்கு முள் கிடையாது. மருக்காரைக் கிளையிலோ எதிரெதிராகக் கூர்முள் நிற்கும்.

முள்ளின் நீளத்தை அளப்பதைவிட அது எங்கிருந்து கிளம்புகிறது என்று பார்ப்பதே பயன். எலுமிச்சை, வில்வம், விளா ஆகியவற்றில் இலைக்கக்கத்திலிருந்து, அதாவது இலைக்காம்பு கிளையோடு சேரும் மூலையிலிருந்து வரும். அது முள்ளாக மாறிய கிளை, உள்ளே கட்டை இருப்பதால் எளிதில் பெயராது. இலந்தை, கருவேலம், கொடுக்காப்புளியில் இலைக்காம்பின் அடியில் இரு பக்கமும் ஜோடியாக இருக்கும். இலந்தையில் பெரும்பாலும் ஒன்று நேராகவும் மற்றது கொக்கிபோல் வளைந்தும் இருக்கும். இலவ மரத்து முள் வேறு வகை: பட்டையின் மேல்தோலில் கூம்பாக எழுந்தது. குச்சியால் பக்கவாட்டில் தட்டினால் வடுவை விட்டுப் பெயர்ந்துவிடும்.

இரண்டு மரங்களில் முள் ஒரே மாதிரி இருந்தால் பழத்தை அறுக்க வேண்டியதுதான். வில்வமும் விளாவும் கெட்டியான ஓடு கொண்டவை, முள்ளும் ஒரே இடத்தில். வில்வத்தின் ஓடு வழவழப்பு. குறுக்கே அறுத்தால் வட்டமாக அறைகள், பிசினுக்குள் விதைகள், ஆரஞ்சு மஞ்சள் சதை. விளாவின் ஓடு சாம்பல் வெள்ளையாகச் சொரசொரக்கும். பழுத்த சதை பழுப்பு, விதைகள் அதில் சிதறிக் கிடக்கும். இலையில் இன்னும் சுலபம்: வில்வத்துக்கு ஒரே காம்பில் மூன்று சிற்றிலை, விளாவுக்குப் பெரும்பாலும் ஐந்து அல்லது ஏழு.

இந்த இடத்தில் எட்டியை மறக்கக் கூடாது. ஆரஞ்சு நிற உருண்டைப் பழம், உள்ளே வெள்ளைக் கூழ், அதில் சட்டைப் பொத்தான்போலத் தட்டையான விதைகள். ஸ்ட்ரிக்னைன் என்ற கொடிய நஞ்சு அவற்றில் இருக்கிறது. எட்டியில் முள் இருக்கலாம், இல்லாமலும் போகலாம்; அதனால் இலையைப் பாருங்கள். எதிரெதிர் அடுக்கு, அடியிலிருந்தே பிரியும் மூன்று முதல் ஐந்து நரம்புகள். யாராவது தின்றுவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், அதுவே வலிப்பைத் தூண்டும். மிச்சப் பழத்தையும் ஒரு கொப்பையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். "ஒரு வாய் தின்று பார்த்தால் தெரிந்துவிடும்" என்பது அடையாளம் காணும் முறையே அல்ல.

முள்ளும் ஏமாற்றும். இளங்கன்றிலும் தூரில் வெடித்த துளிரிலும் அடர்ந்திருக்கும்; அதே மரத்தின் முதிர்ந்த உச்சிக் கிளையில் ஒன்றுகூட இராது. உச்சியில் மட்டும் தேடிவிட்டு "முள் இல்லாத மரம்" என்று முடிவு கட்டுவதுதான் அடிக்கடி நேரும் பிழை. கீழே விழுந்த பழமும் பக்கத்து மரத்துடையதாகவோ மேலே படர்ந்த கொடியுடையதாகவோ இருக்கலாம். காம்போடு கொப்பில் தொங்கும் பழத்தையே நம்புங்கள்.

படம் எடுப்பதானால் முள்ளும் இலைக்காம்பும் சேரும் இடம், இலையின் இரு பக்கம், அடிமரப் பட்டை, குறுக்கே அறுத்த பழம், தனியே எடுத்த விதை என ஐந்தையும் அளவுகோல் வைத்து எடுங்கள். பழம் மட்டும் உள்ள படத்துக்குக் கைபேசிச் செயலி சொல்லும் பெயரை நம்பி எதையும் வாயில் வைக்காதீர்கள். கொப்பை ஒடித்ததும் பால் வடிந்தால் கையைக் கழுவும்வரை கண்ணைத் தொடாதீர்கள்.