சொல் விளக்கம்: அளவீட்டு ஐயப்பாடு

ஃபைபர் (ஒளியிழை) வேலையில் இருப்பவர்கள் ‘பவர் மீட்டர்’ என்று சொல்லும் ஒளித்திறன்மானி -20.13 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்டு டெசிபெலில் சொல்லும் திறன்) என்று காட்டுகிறது. அதாவது 10 மைக்ரோவாட்டுக்குச் சற்றே குறைவு. கருவியின் குறிப்புத்தாளிலோ ±5% என்று போட்டிருக்கிறது. 5% என்பது ஏறக்குறைய 0.2 டெசிபெல். அந்த ‘.13’ஐ வைத்துக்கொண்டு ஒப்பந்தக்காரரோடு மல்லுக்கட்ட முடியாது. இந்த ±5%க்குத்தான் அன்சர்ட்டன்ட்டி என்று பெயர்.

‘சர்ட்டன்’ லத்தீன் ‘கெர்துஸ்’ வழி வந்தது. அதன் வினை ‘கெர்னெரே’ என்றால் சலித்துப் பிரிப்பது. இன்னும் சலித்து முடியாததுதான் அன்சர்ட்டன். ‘எரர்’ வேறு குடும்பம். வழிதவறி அலைவதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது.

தமிழில் உறுதியின்மை, நிச்சயமின்மை, ஐயப்பாடு என மூன்றும் புழங்குகின்றன. ‘உறுதியின்மை’ என்றால் கருவியே லொடலொட என்று இருப்பதாகத் தோன்றும். என் தேர்வு ஐயப்பாடு. ‘ஐயந்திரிபற’ என்று சொல்கிறோமே, அதில் ஐயம் வேறு, திரிபு வேறு. தூரத்தில் நிற்பது கட்டையோ மனிதனோ என்பது ஐயம். கயிற்றைப் பாம்பென்றே எண்ணிவிடுவது திரிபு. அளவியலும் இதே கோட்டைத்தான் போடுகிறது. 1310 நானோமீட்டர் அலைநீள ஒளியை விட்டுவிட்டு மீட்டரின் அலைநீள அமைப்பை 850இல் வைத்தால் அது திரிபு, சுத்தமான பிழை. 1550 என்று எழுதியிருக்கும் லேசர் உண்மையில் சில நானோமீட்டர் தள்ளி இருக்கலாம் என்பது ஐயப்பாடு.

அந்தச் சில நானோமீட்டர் எவ்வளவு பாதிக்கும் என்பது மீட்டருக்குள் ஒளியை வாங்கும் உணரி எந்தப் பொருளால் ஆனது என்பதைப் பொறுத்தது. ஜெர்மானியத்தின் உணர்திறன் 1550ஐ ஒட்டிச் சரியத் தொடங்கிவிடும். அறை வெப்பநிலை மாறினாலும் அந்தச் சரிவு நகரும். இண்டியம் காலியம் ஆர்செனைடு அங்கே ஓரளவு சமதளமாக இருப்பதால் தொல்லை குறைவு.

பலரும் கவனிக்காதது கனெக்டர். உணரியில் பட்ட ஒளியில் கொஞ்சம் திரும்பி வந்து, கனெக்டரின் பளபளப்பான முகத்தில் மோதி, மறுபடி உணரிக்கே போகிறது. மீட்டர் அதையும் சேர்த்துக் கணக்கெழுதுகிறது. அளவுத்திருத்தம் ஒருவகைக் கனெக்டரில் செய்து, வேலை இன்னொரு வகையில் நடந்தால் இந்த உபரியும் மாறிவிடும். 8 பாகை சாய்த்துத் தீட்டிய பச்சை ஏபிசி கனெக்டரில் இன்னொரு விஷயம்: ஒளி சாய்வாக வெளியேறி உணரியின் வேறொரு இடத்தில் விழும். உணரி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி உணர்வதில்லை. மிகக் குறைந்த திறனில் இருளோட்டமும் (ஒளியே படாதபோதும் உணரியில் ஓடும் சிறு மின்னோட்டம்) இரைச்சலும் சேரும். அப்புறம், முனையில் ஒட்டிய தூசு. அதைத் துடைத்தால் போயிற்று. கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை.

இவற்றை அப்படியே கூட்டக்கூடாது. ஒன்றையொன்று சாராதவை என்றால் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும்: 3 விழுக்காடும் 4 விழுக்காடும் சேர்ந்தால் 7 அல்ல, 5. சர்வதேசத் தர நிறுவனமான ஐஎஸ்ஓ 1993இல் வெளியிட்ட வழிகாட்டி இந்த முறையைப் பொதுவாக்கியது. திரும்பத் திரும்ப அளந்து புள்ளியியலால் மதிப்பிடுவது ஏ வகை. சான்றிதழ், குறிப்புத்தாள், முன்னறிவு ஆகியவற்றிலிருந்து மதிப்பிடுவது பி வகை. மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவை பி வகைதான். ஆகவே பத்து முறை அளந்து சராசரி எடுத்தாலும் அவை குறையாது.

சான்றிதழைப் புரட்டும்போது ±5%க்குப் பக்கத்தில் கே=2 என்று இருக்கிறதா என்று பாருங்கள். கே என்பது ஐயப்பாட்டை எத்தனை மடங்கு விரித்திருக்கிறார்கள் என்று சொல்லும் எண். இருந்தால் ஏறத்தாழ 95% நம்பகத்துக்கு விரித்த எண் அது. கே=1 என்றிருந்தால், ஒப்பிடும் முன் இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள்.