ஹாமர் ட்ரில்லின் அடி எங்கிருந்து வருகிறது?

கல்லடியிலோ காத்தான்குடியிலோ ஒரு வீட்டின் சீமெந்துக்கல் சுவரில் 6 மி.மீ. ஓட்டையைச் சட்டென்று போட்டுவிடும் பற்றரி ஹாமர் ட்ரில், அதே வீட்டின் கொங்கிறீட் தட்டில் 10 மி.மீ. ஓட்டை போடத் திணறும். பற்றரி நிறைந்திருக்கும், துளைக்கும் பிட்டும் புதிதாக இருக்கும், பெட்டியில் நிமிடத்துக்கு 30,000 அடி என்றும் எழுதியிருக்கும். ஆனாலும் பிட் ஒரே இடத்தில் நின்று சுழன்று, நுனி கறுத்துப்போகும்.

காரணம் அடி பிறக்கும் விதத்தில் இருக்கிறது. ஹாமர் ட்ரில்லில் பிட்டைப் பிடிக்கும் சக்குக்குப் பின்னால் இரண்டு உருக்குப் பல்வட்டுகள் எதிரெதிரே இருக்கின்றன. ஒன்று அசையாது, மற்றது தண்டோடு சேர்ந்து சுழலும். பிட்டைச் சுவரில் வைத்து அழுத்தினால் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி விழும். ஏறும்போது தண்டு இம்மியளவு பின்வாங்கும், விழும்போது முன்னே வரும். ஒரு சுற்றுக்கு 15 தடவை, நிமிடத்துக்கு 2,000 சுற்று என்றால் அதுதான் அந்த 30,000. எண்ணிக்கை பெரிது, ஒவ்வோர் அடியும் மிகச் சிறிது. அந்த அடிக்கான தள்ளு விசையும் பிடித்திருப்பவரின் தோளிலிருந்தே வருகிறது. அழுத்தாவிட்டால் வெறும் சுழற்சிதான்.

கொங்கிறீட் அழுத்தத்தை நன்றாகத் தாங்கும், இழுவையைத் தாங்காது. அதன் இழுவைப் பலம் அழுத்தப் பலத்தில் ஏறக்குறைய பத்தில் ஒன்றுதான். அதனால் பிட்டின் கார்பைட் நுனி பலமாகக் குத்தினால் நுனிக்குக் கீழே வெடிப்பு ஓடும், அடுத்த சுழற்சி அந்தத் துகளைச் சுரண்டி வெளியேற்றும். சீமெந்துக்கல்லும் செங்கல்லும் மென்மையானவை, சின்ன அடியே போதும். தட்டிலும் பீமிலும் இருப்பதோ கருங்கல் சல்லி. சின்ன அடியால் அதை வெடிக்கவைக்க முடியாது. அரைபட்டுத் தூள் மட்டும் வரும், நுனி சூடேறி மழுங்கும்.

கொங்கிறீட்டுக்கு ஏற்ற இன்னொரு கருவியான ரோட்டரி ஹாமரில் வேலை வேறு விதமாக நடக்கிறது. மோட்டர் ஒரு பிஸ்டனை முன்னும் பின்னும் ஓட்டும். பிஸ்டனுக்கு முன்னே அடைபட்ட காற்று அமுங்கி, ஓர் உருக்குக் கட்டியை எறியும், அது பிட்டின் வாலில் மோதும். அடியின் பலத்தைத் தருவது அந்தக் காற்று, கை பிடித்துக்கொண்டால் போதும். இதில் மாட்டும் எஸ்டிஎஸ் பிளஸ் ரகப் பிட்டின் 10 மி.மீ. வால் சக்குக்குள் இறுகி நிற்காமல் முன்பின்னாக வழுக்குவதும் இதற்காகவே. அடி முழுவதும் நுனிக்குப் போய்ச் சேரும். அடிக்கு 2 ஜூல், நிமிடத்துக்கு 4,500 அடி என்பது சிறிய பற்றரி ரகத்துக்குச் சாதாரண அளவு. எண்ணிக்கை ஆறில் ஒன்றுக்கும் குறைவு, ஆனாலும் சல்லி உடைகிறது.

ஆகவே வயரிங், கதவு யன்னல், அலுமாரி வேலை செய்பவருக்கு 18 வோல்ட் ஹாமர் ட்ரில் சரியான சாமான். ஏசி மாட்டுபவரும், மொட்டை மாடியில் சோலார் சட்டம் பொருத்துபவரும் நாள் முழுக்கக் கொங்கிறீட்டில் ஆங்கர் போல்ட் அடிப்பவர்கள், அவர்கள் ரோட்டரி ஹாமர் இல்லாமல் சமாளிக்க முடியாது. ஒரே பற்றரியில் இரண்டும் ஓடும் கம்பனியாகத் தெரிவு செய்தால், இன்று ட்ரில்லும் பிறகு பற்றரி இல்லாமல் ரோட்டரி ஹாமரின் வெறும் உடலும் வாங்கலாம். இம்பாக்ட் டிரைவரை இந்த வேலைக்கு வாங்கக் கூடாது. அது ஸ்க்ரூவைத் திருப்பும் திசையில் அடிக்கிறது, சுவரை நோக்கி அடிப்பதில்லை.

பற்றரியில்தான் அதிகம் ஏமாற்று நடக்கிறது. 18 வோல்ட் என்பது 3.6 வோல்ட் லித்தியம் செல் ஐந்து வரிசையாக. முழுச் சார்ஜில் ஒவ்வொன்றும் 4.2, மொத்தம் 21. அதனால் 20, 21 என்று எழுதியவையும் இதே சாமான்தான். 48, 88 என்று எழுதிய மலிவுச் செட்டுகளைக் கடையிலேயே மல்டிமீற்றரால் அளந்து பாருங்கள், பெரும்பாலும் 21க்குள்தான் காட்டும். 2 அம்பியர் மணிப் பற்றரியில் ஐந்து செல், வழக்கமான 5 அம்பியர் மணியில் பத்து செல் சோடி சோடியாக. சுமை ஏறி 28 அம்பியர் இழுக்கும்போது சின்னதில் ஒவ்வொரு செல்லும் 28ஐயும் தாங்க வேண்டும், பெரியதில் 14 தான். சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்தோடு ஏறுவதால், பெரியதில் ஒரு செல்லின் சூடு நான்கில் ஒன்றாகிறது. தொழிலுக்கு 5 அம்பியர் மணியில் இரண்டு எடுங்கள். சார்ஜரின் அம்பியரையும் பாருங்கள்: 6 அம்பியர் என்றால் ஏறக்குறைய ஒரு மணி நேரம், 2 அம்பியர் என்றால் இரண்டரை மணிக்கு மேல்.

சூடான கச்சான் காற்று வீசும் மாதங்களில் தகரக் கொட்டிலுக்குள் வைத்துச் சார்ஜ் போடாதீர்கள். சூடான செல்லில் சார்ஜ் ஏற்றினால் ஆயுள் குறையும். நல்ல சார்ஜர் ஆறும்வரை காத்திருக்கும், மலிவானது காத்திருக்காது.

மோட்டர் பிரஷ்லெஸ் ஆக இருக்கட்டும். அதில் தேய்வதற்குக் கார்பன் பிரஷ் இல்லை, ஒரே பற்றரியில் கூடுதல் ஓட்டையும் கிடைக்கும். பக்கக் கைப்பிடி இல்லாத செட்டை வாங்கவே கூடாது. கொங்கிறீட்டுக்குள் உள்ள கம்பியில் பிட் சிக்கும்போது 60 நியூட்டன் மீற்றர் முறுக்கு மணிக்கட்டைத்தான் திருப்பும்.

ஹாமர் ட்ரில்லை அடிக்கும் நிலையில் இரண்டாம் கியரில் ஓட்ட வேண்டும், முதலாம் கியரில் அடி எண்ணிக்கை கால்வாசியாக விழும். டைல்ஸிலும் உள்ளே பொந்துள்ள கல்லிலும் அடியை நிறுத்திச் சுழற்சியை மட்டும் விடுங்கள், இல்லாவிட்டால் டைல்ஸ் வெடிக்கும், கல்லின் உட்சுவர் பெயர்ந்து, ஸ்க்ரூவுக்காகச் செருகும் றோல் பிளக் பிடிக்காது. பிளக்கின் நீளத்தைவிட 10 மி.மீ. ஆழமாகத் துளைத்து, பிட்டைச் சுழலவிட்டபடியே வெளியே இழுத்துத் தூளை அகற்றுங்கள். ஓட்டை திடீரென நின்று உலோகச் சத்தம் கேட்டால் அது கம்பி. அழுத்தினால் கார்பைட் உடையும், சில சென்ரிமீற்றர் தள்ளிப் போடுவதே வழி.

தலைக்கு மேல் துளைக்கும்போது தூள் சக்குக்குள்ளும் மோட்டருக்குள்ளும் இறங்கும். வெற்று யோகட் கப்பின் அடியில் ஓட்டை போட்டுப் பிட்டில் கோத்துவிட்டால் பெரும்பகுதியை அது பிடித்துக்கொள்ளும். கப் இருந்தாலும் என்95 முகக்கவசம் கட்டாயம். அந்தத் தூளில் உள்ள சிலிக்கா நுரையீரலில் தங்கி ஆறாத வடுவை உண்டாக்கும்.

அதிர்வால் சக் தளர்ந்து ஆடினால் தாடைகளை முழுதாகத் திறந்து உள்ளே பாருங்கள், பெரும்பாலான ட்ரில்களில் அங்கே ஒரு ஸ்க்ரூ இருக்கும். அது இடப்புரி. வலப்பக்கம் திருப்பினால் கழலும், இடப்பக்கம் திருப்பினால் இறுகும்.